உபயம்

ரிப்போர்ட் நாளைக்குத்தான் என்றார்கள்.
ஒரு பகல் முழுக்க எனக்கென்று கிடைத்தது,
கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவை,
அதுவும் பெரியாஸ்பத்திரியில்.

அவர் மூக்கில் குழாயோடு தூங்கினார்.
பக்கத்துக் கட்டிலுக்குத் துணையிருக்கும்
வாடிப்பட்டிப் பஞ்சவர்ணம்
"நான் பாத்துக்கிறேன், போயிட்டு வா.
மதுரைக்கு வந்துட்டு மீனாட்சியப் பாக்காமயா" என்றாள்.
என் கழுத்துச் சிலுவையைப் பார்த்துவிட்டு
"சரி, மகாலையாவது பாரு" என்றாள்.

மகாலுக்குத்தான் கிளம்பினேன்.
பெரியார் நிலையத்தில் பஸ் மாறி ஏறிவிட்டேன்.
பெண்களுக்குக் காசில்லை,
தப்பான பஸ்ஸுக்கும் காசில்லை.
"கொங்கர் புளியங்குளமா?" என்றார் கண்டக்டர்.
பேர் நன்றாக இருந்தது. தலையாட்டினேன்.

ஊரை ஒட்டி ஒரு மலை.
எங்கள் பக்கம் உயரமென்றால்
கலங்கரை விளக்கம், தண்ணீர்த் தொட்டி,
புயல் நேரத்து அலை. மூன்றுதான்.
இது நகராத அலை என்று சொல்லலாம்;
முள்ளில் சேலை கிழிந்த கோபத்தில்
கல்லாகவே பார்த்தேன்.

மேலே, அகலமான நிழல்.
தரை முழுக்கப் படுக்கைகள்,
பாறையில் வெட்டியவை, வழவழவென்று,
தலைமாட்டில் மட்டும் ஒரு விரற்கடை மேடு.
சமண முனிவர்கள் படுத்தது என்றது பலகை.
இரண்டாயிரம் வருஷம் என்றது.
எண்ணிப் பார்த்தேன். பத்தொன்பதில் விட்டுவிட்டேன்.
எங்கள் வார்டில் முப்பத்திரண்டு.

பாறையின் நெற்றியில் ஒரு காடி:
மழைத்தண்ணீர் உள்ளே வழியாமல்
ஓரமாய்ச் சொட்டிப்போக வெட்டியது.
அது எனக்குப் புரிந்தது.
என் கொழுந்தன் அந்தோணி மிக்கேல்
வலைக் கொட்டகைக்கு இதையே தகரத்தில் செய்தான்,
மூன்று மழை தாங்கியது.

காடிக்குப் பக்கத்தில் எழுத்து.
எழுத்தா, நண்டு நடந்த தடமா.
கூரை கொடுத்தவர் பெயராம்.
சிரிப்பு வந்துவிட்டது.
எங்கள் சந்தியாகப்பர் கோயிலில்
டியூப்லைட்டின் முகத்தில்
பாதி வெளிச்சம் மறைய எழுதியிருக்கும்:
உபயம், சூசைராஜ் குடும்பத்தினர், ஐஸ் கம்பெனி.
அன்றைக்கும் அப்படித்தானா ஐயா?

யாருமில்லை. ஒரு ஓணான்.
செருப்பைக் கழற்றினேன்.
மூன்று ராத்திரி கட்டிலுக்கடியில்
மூத்திரப் பைக்குப் பக்கத்தில்
தினசரித் தாள் விரித்துப் படுத்த முதுகு
அந்தக் கல்லைக் கேட்டது.
கொஞ்சம் சாய்ந்தேன்.

குளிர்ச்சி.
தலைமாட்டு மேடு என் கழுத்துக்கென்றே.
வீடு வேண்டாம், துணி வேண்டாம்,
பொழுது சாய்ந்தால் சோறு வேண்டாமென்று போனவர்கள்
இந்த ஒரு விரற்கடையை மட்டும்
வேண்டாமென்று சொல்லவில்லை.

"ஏம்மா. இந்தாம்மா."
காவல்காரர். வெயில் இடம் மாறியிருந்தது.
"இதுல படுக்கக் கூடாது. தொல்லியல் துறை.
எந்த ஊரு?"
சொன்னேன்.
"கடக்கரையா! அங்க என்ன இருக்கு பாக்க?"

என்ன இருக்கிறது.
கூரை போன பழைய உப்புக் கிட்டங்கி,
வெள்ளைக்காரன் கட்டியது, உள்ளே பனை முளைத்தது.
சனி ஞாயிறில் காரில் வந்து
கல்யாணப் பெண்ணைச் சுவர்மேல் ஏற்றிப் படமெடுப்பார்கள்.
"கொஞ்சம் தள்ளிக்கங்கக்கா" என்பார்கள்.
வலையோடு தள்ளிக்கொள்வோம்.
இருபத்தாறு வருஷமாக அந்தச் சுவரில்தான்
எங்கள் வலை காய்கிறது.
உள்ளே நான் போனதே இல்லை.

"ஒண்ணுமில்லண்ணே. கடல்தான்."

எழுந்தபோது கல்லில் என் வேர்வை
ஆள் அகலத்துக்கு ஈரமாய் இருந்தது.
முந்தானையால் துடைக்கக் குனிந்தேன்.
"விடும்மா, காஞ்சிரும்" என்றார்.

இருட்டும் முன்னே வார்டுக்கு வந்துவிட்டேன்.
அவர் இன்னும் தூங்கினார்,
அல்லது மறுபடி தூங்கினார்.
"மகால் எப்படி?" என்றாள் பஞ்சவர்ணம்.
"குளிர்ச்சி" என்றேன்.